பூசணம் பிடிச்ச ரூம்... பஞ்சாயத்துக்கு வந்த பென்சில்!

‘‘மாப்ள, உள்ள எலி கிலி செத்துக் கெடக்காடா?’’

தீபாவளி லீவு முடிந்து, வில்லாபுரம் ஹவுசிங் போர்டு பக்கம் இருக்கிற எங்க வாடகை வீட்டுப் பூட்டைத் திறந்ததும் ரூம்மேட் அடித்த முதல் டயலாக் இது. 2024 நவம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. வயிறு பூரா அதிரசமும் முறுக்கும். மூக்கில் மட்டும் நனைந்த கோணிச் சாக்கு வாசனை.

எலி இல்லை. லைட்டைப் போட்டதும் தெரிந்துவிட்டது. சீலிங் மூலையில் கறுப்பும் பச்சையுமாக ஒரு திட்டு. பீரோவை நகர்த்தினால் அதன் முதுகு சைஸுக்கே செவுத்தில் புள்ளி புள்ளியாக இன்னொன்று. கிச்சன் அடிச்சுவரில் பஞ்சு மாதிரி வெள்ளையாக மூன்றாவது. செமஸ்டருக்குப் படிக்க வைத்திருந்த நோட்ஸ்கூட லேசாகப் பூத்திருந்தது. (அதை நாங்கள் தொடாததற்கு அதுவே சாட்சி என்று பிறகு கிண்டல் வந்தது, அது தனிக் கதை.)

காரணம் என்னவென்று யோசிக்கவே வேண்டாம். அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை மதியம் மதுரை பார்த்த மழை அப்படி! 3 மணி வாக்கில் கால் மணி நேரத்தில் மட்டும் 4.5 செ.மீ. கொட்டியதாகக் கணக்குச் சொன்னார்கள். அன்றைக்கு மொத்தம் ஏறக்குறைய 10 செ.மீ. வருஷம் முழுக்கவே சுமார் 85 செ.மீ. பார்க்கிற ஊருக்கு, அரை நாளில் 10! செல்லூர், நரிமேடு பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர். எங்க தெரு தப்பித்தது. வீட்டுக்குள் ஒரு சொட்டுகூட வரவில்லை என்ற தெம்பில், ஜன்னலையெல்லாம் இறுக்கிச் சாத்திவிட்டு ஊருக்கு பஸ் ஏறிவிட்டோம். அதுதான் முதல் தப்பு.

நனைந்த பொருள் 24-லிருந்து 48 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டால் பூசணம் பெரும்பாலும் வராது. அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பே சொல்கிற கணக்கு இது. நாங்கள் கொடுத்ததோ ஒரு வாரத்துக்கும் மேல்... அதுவும் பூட்டிய அறைக்குள், இருட்டில். 2005-ல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸைப் புரட்டிப் போட்டபோது, சில வாரம் கழித்து 112 வீடுகளுக்குள் போய்ப் பார்த்தார்கள். 46 சதவிகித வீடுகளில் கண்ணுக்குத் தெரியும் பூசணம்! அங்கே வெள்ளம். இங்கே வெறும் ஓதம். ஆனால், பூசணத்துக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது பாஸ்.

ஆளுக்கொரு தீர்ப்பு!

முதலில் ஹவுஸ் ஓனர் அக்கா வந்தார். ஒரு பார்வை. ‘‘ஏப்பா தம்பிகளா, ஈரத் துணிய பூரா ரூமுக்குள்ளயே கொடி கட்டிக் காயப்போட்டா செவுரு என்னத்துக்காகும்? பெயிண்டு செலவ அட்வான்ஸுல கழிச்சுக்கிருவேன். ஆமா!’’

‘‘அக்கா, மாடி ஒழுகுதுக்கா...’’

‘‘எங்கிட்டு ஒழுகுது? தட்டோடு பதிச்ச மாடி தம்பி அது!’’

அடுத்து, தெரிந்த பெயிண்டர் அண்ணன். ‘‘ரெண்டு கோட்டு அடிச்சு விட்டா இருந்த எடமே தெரியாதுண்ணே.’’ அடிக்கலாம். ஆனால், ஈரம் உள்ளேயே இருக்கும்வரை அடுத்த மழைக்குப் புது பெயின்ட்டையும் தின்றுவிட்டுப் பூசணம் வெளியே வரும்.

மூன்றாவதாக ‘இலவசப் பரிசோதனை’ என்று நோட்டீஸ் பார்த்து நாங்களே கூப்பிட்ட ஒருத்தர். டக்-இன் பண்ணிய சட்டை, கையில் இரண்டு ஊசி நீட்டிய ஒரு மீட்டர். சீலிங்கில் வைத்தார்... பீப். பீரோ பின்னால் வைத்தார்... பெரிதாக ஒன்றுமில்லை. கிச்சன் அடிச்சுவரில் வைத்தார்... ஆம்புலன்ஸ் மாதிரி அலறியது! ‘‘ஃபுல் டேமேஜ் சார். செவுரு முழுக்க கெமிக்கல் ட்ரீட்மென்ட் பண்ணணும். முப்பத்தெட்டாயிரம். இன்னிக்கே புக் பண்ணா பத்து பெர்சன்ட் கம்மி.’’

மூன்று பேர், மூன்று தீர்ப்பு. மூன்று தீர்ப்புமே சொன்னவரின் பாக்கெட்டுக்கு லாபம். கவனித்தீர்களா? நாங்களும் யோக்கியம் இல்லை. ‘மாடி ஒழுகுது’ என்று நாங்கள் சொன்னதும் எங்க அட்வான்ஸைக் காப்பாற்றத்தானே!

இந்தச் சிக்கலை வெளிநாட்டில் சட்டம் போட்டே தீர்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டெக்சாஸில், பூசணத்தைச் சோதிக்கிற ஆள் தனி, சுத்தம் செய்கிற ஆள் தனி. இருவருக்கும் தனித்தனி லைசென்ஸ். ஒரே வீட்டில் இரண்டு வேலையையும் ஒருவரே எடுக்கக்கூடாது. நியூயார்க் மாநிலத்திலும் 2016-லிருந்து இதே கதைதான். சோதிக்கிறவர் முதலில் எழுதிக் கொடுக்க வேண்டும். வேலை முடிந்த பிறகு மறுபடி வந்து ‘சரியா செஞ்சிருக்காங்க’ என்று பார்க்க வேண்டும். பரீட்சை எழுதினவனே பேப்பர் திருத்தக்கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

நம்ம ஊரில் அப்படி ஒரு லைசென்ஸே கிடையாது. சரி, நாமே பார்ப்போம் என்று இறங்கினோம். நாலு பேரில் ஒருத்தன் சிவில் இன்ஜினீயரிங், ஒருத்தன் பி.காம்., நான் தமிழ் இலக்கியம், இன்னொருத்தன் அரியர். ஒரே ஒரு கண்டிஷன் போட்டுக்கொண்டோம். ரிசல்ட் எங்களுக்கு எதிராக வந்தாலும் அக்காவிடம் அப்படியே காட்டுவது.

மொத்த பட்ஜெட் 400 ரூபா

முதல் ஆயுதம், பென்சில். சும்மா சொல்லவில்லை... பெஸ்ட் கருவி அதுதான். ஒவ்வொரு திட்டையும் சுற்றி ஓரமாகக் கோடு இழுத்து, பக்கத்தில் தேதி எழுதினோம். ஒரு ரூபாய்க் காசை ஒட்டவைத்து போட்டோ. காசு இருந்தால்தான் அளவு தெரியும். நாளைக்கு யாரும் ‘ஜூம் பண்ணி எடுத்துட்டீங்க’ என்று சொல்ல முடியாது. திட்டு கோட்டைத் தாண்டினால் ஈரம் இன்னும் வருகிறது. தாண்டாவிட்டால் பழைய கணக்கு.

பிறகு, திட்டு எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. இதிலேயே பாதி விடை கிடைத்துவிடும். சீலிங்கிலும் செவுத்தின் தலைப்பகுதியிலும் என்றால் மாடி. தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குப் பட்டையாக என்றால் அஸ்திவாரத்திலிருந்து ஏறுகிற ஓதம். பாத்ரூம் செவுத்துக்கு மறுபக்கம் நடுவாக்கில் என்றால் குழாய். பீரோ, கட்டில், லாஃப்ட் என்று காற்றே போகாத மறைவில் என்றால் அறைக்குள் இருக்கிற காற்றின் ஈரம்.

குழாய் சந்தேகத்தை ஒரே ராத்திரியில் தீர்த்தோம். மோட்டாரை நிறுத்தி, எல்லா டேப்பையும் மூடி, மாடி டேங்க்கில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு கோடு. காலையில் மட்டம் இறங்கவில்லை. குழாய் நிரபராதி. (வில்லாபுரத்துக்கும் குழாய்த் தண்ணீருக்கும் ஒரு பெரிய கதை உண்டு, ஃப்ரெண்ட்ஸ். இந்தப் பகுதிக்குக் குடிதண்ணீர் கேட்டுப் போராடிய மார்க்சிஸ்ட் கவுன்சிலர் லீலாவதி, 1997 ஏப்ரல் 23 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார். இங்கே டேப்பைத் திறக்கும்போது பெரியவர்கள் இன்னமும் அந்தப் பேரைச் சொல்வார்கள்.)

இப்போது அந்த ‘ஆம்புலன்ஸ்’ சுவர். கிச்சன் அடியில் இருந்த வெள்ளைப் பஞ்சின் மேல் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டோம். கரைந்து காணாமல் போனது! பூசணம் தண்ணீரில் கரையாது, உப்புதான் கரையும். செங்கல்லிலும் சிமென்ட்டிலும் இருக்கிற உப்பை ஈரம் வெளியே இழுத்து வந்து, காயும்போது பூக்கவிடுகிறது. அசிங்கம்தான், செவுத்தை அரிக்கும்தான், ஆனால் பூசணம் இல்லை. அப்படியென்றால் மீட்டர் ஏன் அலறியது? அந்த ஊசி மீட்டர் அளப்பது, இரண்டு ஊசிக்கு நடுவே எவ்வளவு மின்சாரம் கடக்கிறது என்பதை. மரத்துக்காகக் கணக்குப் போட்ட கருவி அது. உப்பு இருந்தால் கொஞ்ச ஈரத்துக்கே மின்சாரம் சர்ரென்று பாயும், மீட்டர் கத்தும். ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி! ஆக, முப்பத்தெட்டாயிரத்தில் பெரும்பங்கு இல்லாத பூசணத்துக்கு. அவர் தெரிந்து சொன்னாரா, தெரியாமலே சொன்னாரா என்று இன்னமும் எங்களுக்குள் சண்டை நடக்கிறது.

அடுத்து பீரோ பின்புறம். ஒன்றரை அடிச் சதுரத்துக்குப் பாலிதீன் ஷீட்டை வெட்டி, நாலு பக்கமும் டேப் போட்டு, காற்றே புகாமல் செவுத்தில் ஒட்டி ஒரு நாள் விட்டோம். ஷீட்டுக்கு உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்தால் ஈரம் செவுத்துக்குள்ளிருந்து வருகிறது. உள்ளே காய்ந்து கிடந்தால் குற்றவாளி அறைக்குள்ளேயே இருக்கிறான். பிரித்துப் பார்த்தோம். உள்ளே சுத்தமாகக் காய்ந்திருந்தது.

ரூம்மேட்கள் மூஞ்சி தொங்கிப் போச்சு.

காற்றின் ஈரப்பதத்தை அளக்கிற சின்ன டிஜிட்டல் மீட்டர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. விலை குறைந்த மீட்டர் கொஞ்சம் முன்னே பின்னே காட்டும், அதனால் முதலில் அதற்கே ஒரு பரீட்சை வைக்க வேண்டும். பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பை எடுத்து, சேறு மாதிரி ஆகிற அளவுக்குத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து ஒரு ஜிப் கவருக்குள் மூடி ஏழெட்டு மணி நேரம் வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவிகிதத்தில் வந்து நிற்கும். அது உப்பின் குணம். மீட்டர் 79 காட்டினால், எப்போதும் 4-ஐக் கழித்துக்கொள்ள வேண்டியதுதான். எங்களுடையது 78 காட்டியது.

அதை வைத்து நாலு நாள் காலை, மாலை கணக்கெடுத்தோம். துணி காயாத நாளில் அறைக்குள் 68. நாலு பேர் ஜீன்ஸும் பெட்ஷீட்டும் கொடியில் தொங்கி, ஜன்னல் சாத்தியிருந்த நாளில் 84! வீட்டுக்குள் 60-க்குக் கீழே இருந்தால் நல்லது என்பார்கள். மழைக்காலத்தில் வெளியிலேயே அதைவிட அதிகம், அதனால் 60-க்காக அழ வேண்டாம். ஆனால், 80-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூசணத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி. அக்கா சொன்னது சரி. பீரோ பின்னால் இருந்தது எங்க பூசணம்.

பாக்கி, சீலிங் மூலை. அக்காவிடம் பெர்மிஷன் வாங்கி மாடி ஏறினோம். மழைத்தண்ணி இறங்குகிற குழாய் வாயில் வேப்பிலைச் சருகு, மேலே ஒரு பால் கவர். அடைத்துக்கொண்டு தண்ணீர் தேங்கியதற்கு அடையாளமாக, கைப்பிடிச் சுவரில் பாசிக் கோடு. அடைப்பை எடுத்துவிட்டு, களிமண்ணால் சின்ன வரப்பு கட்டினோம். முதல் ராத்திரி மாடியின் நடுவில், ஒரு இஞ்ச் உயரத்துக்குத் தண்ணீர். கீழே மாற்றமில்லை. மறுநாள் ராத்திரி, அந்த மூலைக்கு நேர் மேலே. விடிந்து பார்த்தால், சீலிங் திட்டு பென்சில் கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. தட்டோடு இடுக்கில் பூச்சு விட்டுப் போயிருந்த இடம் அது. இது அக்கா பூசணம்! (பழைய கட்டிடம், தொங்குகிற சீலிங், கம்பி தெரிகிற கூரை என்றால் இந்த விளையாட்டு வேண்டாம். தண்ணீரும் கனம்தான். கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.)

‘கண்ணைப் புடுங்குச்சே, அதுவாய்யா?’

பக்கத்து வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. நியாயமான பயம். 2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் ‘கறுப்புப் பூஞ்சை’ என்ற பேரைக் கேட்டே நடுங்கினோம். அந்த மே மாதம் தமிழக அரசு அதை அறிவிக்க வேண்டிய நோயாகவே அறிவித்தது. ஆனால், அது மியூகோர்மைகோசிஸ். கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோய், ஸ்டீராய்டு மருந்து என்று உடம்பின் எதிர்ப்புச் சக்தி சரிந்தவர்களைத் தாக்குவது. அந்தப் பூஞ்சையின் நிறம்கூட கறுப்பு கிடையாது. அது அழிக்கிற சதைதான் கறுக்கிறது. நம்ம செவுத்தில் வருவது பெரும்பாலும் கிளாடோஸ்போரியம், ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் வகையறா. கடைசிப் பேரின் சொந்தக்காரர் ஒருவரைத்தான் 1928-ல் ஃபிளமிங் தட்டில் பார்த்து பெனிசிலினைக் கண்டுபிடித்தார்.

அதற்காக ‘சும்மா அழுக்குதானே’ என்று விடவும் கூடாது. எங்க ரூம்மேட் ஒருத்தனுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். தீபாவளிக்கு ஊரில் இருந்த ஒரு வாரம் இன்ஹேலரைத் தொடவில்லை. இங்கே வந்த இரண்டாம் நாள் ராத்திரி எழுந்து உட்கார்ந்துவிட்டான். ஓதம் ஏறிய வீட்டில் ஆஸ்துமா, இருமல், மூச்சிரைப்பு, மூக்கு அலர்ஜி அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் தனியாக வழிகாட்டியே போட்டது. இங்கிலாந்தில் ராச்டேல் ஊரில் அவாப் இஷாக் என்கிற இரண்டு வயசுப் பையன் 2020 டிசம்பரில் இறந்தான். வாடகைக் குடியிருப்பின் பூசணத்தில் நாள்கணக்கில் இருந்ததுதான் காரணம் என்று 2022-ல் விசாரணையில் தீர்ப்பானது. பெற்றோர் புகார் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள். ‘உங்க வாழ்க்கை முறைதான் காரணம்’ என்கிற பதில்தான் அவர்களுக்குக் கிடைத்தது. இப்போது அங்கே சமூகக் குடியிருப்புகளில் ஓதம், பூசணப் புகாரைக் கெடுவுக்குள் கவனித்தே ஆகவேண்டும் என்று அந்தப் பிள்ளையின் பேரிலேயே சட்டம், 2025 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது.

இந்தக் கதையைப் படித்த பிறகு, ‘துணி காயப்போட்டது நீங்கதானே’ என்ற வார்த்தை எங்களுக்கு வேற மாதிரி கேட்டது. சரியாகவும் இருக்கலாம், தப்பிக்கிற வழியாகவும் இருக்கலாம். அளந்து பார்த்தால்தான் தெரியும்.

‘லேப்ல டெஸ்ட் பண்ணுங்கப்பா’ என்று சிலர் சொன்னார்கள். மைக்ரோபயாலஜி படிக்கிற தோழி சிரித்தார். ‘‘அகர் தட்டைத் திறந்து உங்க ரூம்ல வெச்சா பூஞ்சை வளரும். மீனாட்சி அம்மன் கோயில் வாசல்ல வெச்சாலும் வளரும். அது காத்துல எங்கயும் இருக்கு. எவ்வளவு இருந்தா ஆபத்துன்னு ஒத்துக்கிட்ட அளவே கிடையாது. வீட்டுக்குள்ள, வெளியே ரெண்டையும் எடுத்து ஒப்பிட்டாலாவது ஏதோ அர்த்தம்.’’ கண்ணுக்குத் தெரிகிறது, மூக்குக்குத் தெரிகிறது... அப்புறம் எதற்கு லேப்? இனம் எதுவானாலும் வேலை ஒன்றுதான்: ஈரத்தை நிறுத்து, பூசணத்தை எடு.

ரிப்போர்ட் கார்டு

நாலு பக்கத்துக்கு எழுதி, போட்டோ ஒட்டி, அக்கா முன்னால் வைத்தோம். ‘பீரோ பின்புறம்: எங்கள் தவறு’ என்ற வரியை முதலில் போட்டதில் பி.காம். மூளை இருக்கிறது. அதைப் படித்ததும் அக்கா சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சீலிங் பக்கம் வந்தபோது, ‘‘தட்டோடு பதிச்சு இருவது வருசம் ஆச்சுல்ல...’’ என்று அவரே ஆரம்பித்தார்.

2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் அட்டவணையிலும் இது இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், கட்டிடப் பழுது, வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது உரிமையாளர் பொறுப்பு. டேப் வாஷர், சாக்கடை அடைப்பு எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. அதைப் பையில் வைத்திருந்தோம். எடுக்கவே வேண்டியிருக்கவில்லை.

மாடி இடுக்குகளைக் கொத்தி, புதுசாகப் பூச, கூலியோடு நாலாயிரத்துச் சொச்சம். அக்கா கொடுத்தார். சுத்தம் செய்தது நாங்கள். வீசிங் நண்பனை மட்டும் இரண்டு நாள் வேற ரூமுக்குத் துரத்திவிட்டோம். கொரோனாவில் மிச்சமான என்-95 மாஸ்க், கையுறை, கண்ணாடி. காய்ந்த பூசணத்தைச் சுரண்டவோ விளக்குமாறால் தட்டவோ கூடாது. வித்து பூரா காற்றில் பறந்து நம்ம நுரையீரலுக்கே வரும். சோப்புத் தண்ணியால் நனைத்துத் துடைத்து, துணியைக் கவரில் கட்டி எறிந்தோம். மூன்றடிக்கு மூன்றடிவரை இருந்தால்தான் இப்படி நாமே செய்யலாம் என்பது பொதுவான கணக்கு. பிளீச்சிங் கரைசலோடு டாய்லெட் க்ளீனர் ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள்... குளோரின் வாயு கிளம்பி ஆளையே சாய்த்துவிடும். ஊறிப்போன இலவம்பஞ்சு மெத்தையைக் காப்பாற்ற வழியில்லை, குப்பைக்குத்தான். பீரோவை இப்போது செவுத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்திருக்கிறோம். கொடி, மாடிப்படி ஓரத்துக்கு இடம் மாறிவிட்டது.

செவுரு நன்றாகக் காய்ந்த பிறகு, போகியை ஒட்டி சுண்ணாம்பு அடித்தோம். சுண்ணாம்பின் காரத்தில் பூசணம் லேசில் வளராது. ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்து, வெயில் ஏறுகிற தை தொடக்கத்தில் நம்ம ஆட்கள் வீட்டை ஒழித்து வெள்ளையடித்தது இதற்காகத்தானா என்று சத்தியம் செய்ய மாட்டேன். டைமிங் மட்டும் பக்கா.

அதற்கு முன்பே, டிசம்பரில் மழை மறுபடி பிடித்துக்கொண்டபோது, ராத்திரி டார்ச் அடித்து மூலையைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். மூன்று நாளாகியும் பென்சில் கோட்டுக்குள்ளேயே நின்றது கறை. நாலாம் நாள் காலையில் கதவு தட்டும் சத்தம்.

அக்கா. கையில் கேசரிக் கிண்ணம். ‘‘தம்பி, அந்த மீட்டர ஒரு ரெண்டு நாளைக்குக் குடுங்க. எங்க வீட்டு சாமி ரூமுலயும் ஒரு மாதிரி வாசம் வருது...’’